துருப்பிடித்த நூடுல்ஸ் மெஷினும் இரண்டு சதவீதத் தண்ணீரும்

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் கடையின் பின்வரிசையில் தையல் மெஷின்களுக்கு நடுவே அதைப் பார்த்தேன். 12 கிலோ வார்ப்பிரும்பு. மேலே வழவழப்பான இரண்டு ரோலர்கள், கீழே பள்ளம் பள்ளமாகக் கடைந்த இரண்டு வெட்டு உருளைகள், பக்கத்தில் பல்சக்கரங்கள், மரப்பிடி போட்ட கைப்பிடி. மேலே மாவை விட்டுச் சுற்றினால் தகடாகும். அந்தத் தகட்டைக் கீழே விட்டுச் சுற்றினால் நூலாக இறங்கும். பெயர்த் தகடு தேய்ந்து போயிருந்தது. “துரு மட்டும்தான், மற்றபடி நன்றாக ஓடும்” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மேசையில் பூட்டிப் பார்த்தால் கைப்பிடி நூலளவுகூட அசையவில்லை.

நான் இருப்பது ஜப்பானில், குன்மா மாகாணத்து ஓத்தா நகரம். கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலை. இந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் இப்படியான மெஷின்கள் இருந்ததில் ஆச்சரியமில்லை. வடக்குக் காந்தோ சமவெளியில் நெல் அறுத்த வயலிலேயே குளிர்காலத்துக்குக் கோதுமை விதைப்பார்கள். வீட்டுக் கோதுமையை அரைத்து வீட்டிலேயே ஊதோன் என்ற தடித்த நூடுல்ஸ் போடுவது வழக்கம். அதனால் என் மெஷின் பிறந்தது ஊதோனுக்காக. எனக்கு அதில் ராமென், அதாவது சூப்பில் போடும் மஞ்சள் நூடுல்ஸ், போட வேண்டும். அந்த ஆசைக்குக் காரணம் சானோவில் இருக்கும் ஒரு சின்னக் கடை.

ஓத்தாவிலிருந்து தோபு ரயிலில் தாத்தெபயாஷி போய் அங்கே மாறினால் தோச்சிகி மாகாணத்து சானோ வந்துவிடும். அந்த ஊரின் அடையாளமே பச்சை மூங்கிலால் அழுத்திச் செய்யும் ராமென்தான். நான் போகும் கடையில் கவுண்டரில் 7 இருக்கை. எழுபதைத் தாண்டிய உரிமையாளரும் அவர் மனைவியும் மட்டும். இங்கே இப்படிப்பட்ட கடைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், “தைஷோ” என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கடை திறப்பதற்கு முன்பே போனால் அவர் மாவு தட்டுவதைப் பார்க்கலாம். சுவரோரம் கனமான மரமேசை. மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பிடிப்பு. ஆளைவிட நீளமான மூங்கிலின் ஒரு நுனியை அதில் செருகுவார். மறுநுனியில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து, தரையில் ஊன்றிய காலால் உந்தி உந்தி எழுவார். அவர் இறங்கும்போதெல்லாம் மூங்கில் மாவில் ஒரு வரி பதிக்கும். இடமிருந்து வலமாக வரிவரியாகப் போய், மாவை மடித்துப் போட்டு, மறுபடி வலமிருந்து இடமாக வருவார். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தில் ஆள் நடந்து பாரத்தை மாற்றுவது போலத்தான், நெம்புகோல் கணக்கு. கையால் பிசைந்தால் மாவு இழுபட்டுக் கிழியும், மூங்கில் அதை அழுத்த மட்டுமே செய்யும். கடைசியில் மெல்லியதாக விரித்து, கத்தியால் வெட்டுவார். அகலம் ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசப்படும். அந்த ஒழுங்கின்மையால்தான் ஒரே வாயில் ஓர் இழை வழுக்கும், இன்னொன்று கடிபடும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த முறை சுமார் நூறு வருடங்களுக்கு முன் ஒரு சீனச் சமையல்காரர் வழியாக வந்தது என்று சானோவில் சொல்கிறார்கள். ராமெனின் கதையே அப்படித்தான். 1910-ல் தோக்கியோவின் அசாகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடைக்கு யோகோஹாமா சீனர் பகுதியிலிருந்துதான் சமையல்காரர்களைக் கூட்டிவந்தார்கள். அப்போது அதற்கு ‘ஷினா சோபா’, அதாவது சீன நூடுல்ஸ், என்று பெயர். போருக்குப் பிறகு ‘சூகா சோபா’. 1958-ல் மோமோஃபுகு ஆண்டோ உருவாக்கிய சிக்கன் ராமென் என்ற உடனடி நூடுல்ஸ் பாக்கெட் வந்தபின் ‘ராமென்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு போய்விட்டது. தைஷோவின் கடைத் திரைச்சீலையில் இன்னும் சூகா சோபா என்றுதான் எழுதியிருக்கிறது.

இனி மெஷின். முதல் வேலை போல்ட்டுகளைக் கழற்றுவது. இங்கே குளிர்காலத்தில் ஸ்டவ்வுக்காக எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் இருக்கும். ஒரு தட்டில் ஊற்றி, பக்கவாட்டுச் சட்டங்களை மூன்று நாள் ஊறவிட்டேன். நான்காம் நாள் ஸ்பேனரை வைத்து, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை என்று மாற்றி மாற்றி அசைத்தேன். எடுத்ததும் கழற்றும் பக்கமே முறுக்கினால் வார்ப்பிரும்புக்குள் போல்ட் முறிந்துவிடும். ஆறு போல்ட்டில் ஐந்து முழுசாக வந்தன. ஒன்றின் தலை உருண்டுவிட்டது, அதை மட்டும் துளையிட்டு எடுத்தேன்.

சட்டத்தைப் பழைய பச்சை பெயின்ட் மூடியிருந்தது. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகச் சுரண்டக் கூடாது. முகமூடி போட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்து, கழிவைத் துணியில் துடைத்துக் கட்டி வைத்தேன். ரோலர்களுக்கு முதலில் சிட்ரிக் அமிலக் கரைசல், பிறகு ஆப்பச்சோடா கலந்த தண்ணீர், உடனே துணியால் துடைத்து அடுப்பருகே காயவைத்தல். சிட்ரிக் அமிலத்திலிருந்து எடுத்த இரும்பை அப்படியே வைத்தால் பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறத் துரு மறுபடி படரும். மாவு படும் இடங்களில் பெயின்ட் அடிக்கவில்லை, சமையல் எண்ணெய் மட்டும் தடவினேன்.

வெட்டு உருளைதான் நேரத்தைத் தின்றது. ஒவ்வொரு பள்ளத்திலும் பல வருடத்துக் காய்ந்த மாவு, கல் மாதிரி. மூங்கில் குச்சியைச் சீவி, வெந்நீர்த் துணி போட்டு இளக்கி, ஒவ்வொரு பள்ளமாகக் குத்தி எடுத்தேன். கம்பி பிரஷ் போட்டால் வேகமாக முடியும், ஆனால் பள்ளத்தின் விளிம்புதான் வெட்டும் முனை. அது மழுங்கினால் நூல் வெட்டுப்படாமல் ரிப்பனாக ஒட்டிக்கொண்டு வரும்.

அளந்து பார்த்ததில் ஒரு நூலின் அகலம் சுமார் 2.1 மி.மீ. இங்கே வெட்டு உருளைக்கு எண் வைத்துப் பேசுவார்கள். 30 மி.மீ அகலத்தை எத்தனை நூலாக வெட்டுகிறதோ அதுவே எண். 10-ஆம் எண் என்றால் 3 மி.மீ, 20-ஆம் எண் 1.5 மி.மீ. ஹகாட்டா ஊர்ப் பன்றியெலும்புச் சூப்பில் போடும் மெல்லிய நேர் நூடுல்ஸ் 26, 28 என்று போகும். அந்தக் கணக்கில் என்னுடையது 14. சானோ பாணிக்கு இது சற்று அகலம்தான், ஆனால் தகட்டை மெலிதாக உருட்டினால் சமாளிக்கலாம்.

மெஷின் சுற்றத் தொடங்கியது ஜனவரி முடிவில். முதலில் விலை மலிவான மாவைப் பிசைந்து விட்டேன். கருப்பாக வந்தது. மறுபடி விட்டேன், சாம்பல். எட்டாவது முறைதான் வெள்ளையாக வந்தது. அந்த எட்டையும் குப்பையில் போட்டேன். இந்த மெஷினைத் தண்ணீரில் கழுவவே கூடாது, பழைய அழுக்கை எடுப்பது மாவின் வேலை.

அடுத்தது உண்மையான மாவு. ராமெனை ஊதோனிலிருந்து பிரிப்பது கான்சுயி. பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த காரப்பொடி. தமிழில் காரம் என்றால் மிளகாய் மட்டுமில்லையே, அப்பளக்காரத்தில் இருக்கும் அந்தக் காரம்தான் இது. அப்பள மாவைப் போலவே இங்கும் மாவை இறுக்குவது அதன் வேலை. கோதுமைப் புரதம் இறுகிச் சவ்வுபோல் மீளும் தன்மை பெறும். மாவில் நிறமில்லாமல் கிடக்கும் ஃப்ளேவோன்கள் என்ற இயற்கைச் சேர்மங்கள் காரம் பட்டதும் மஞ்சளாகும். நல்ல ராமென் நூடுல்ஸின் மஞ்சள் பெரும்பாலும் முட்டையால் வருவதல்ல. கான்சுயி கிடைக்காதவர்கள் ஆப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி, ஓவனில் 130 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட் ஆகிவிடும். 100 கிராம் போட்டால் எடை குறைந்து 63 கிராம் அளவு மிஞ்சும். எடை அதற்கு மேல் குறையாமல் நின்றால் வேலை முடிந்தது. அதை வெறுங்கையால் தொட வேண்டாம், தோல் எரியும்.

என் முதல் அளவு: புரதம் 11 சதவீதமுள்ள மாவு 500 கிராம், தண்ணீர் 175 கிராம், கான்சுயி 5 கிராம், உப்பு 5 கிராம். மாவு எடைக்குத் தண்ணீர் எத்தனை சதவீதம் என்பதை இங்கே ‘காசுயிரித்சு’ என்பார்கள். இதில் 35. ஹகாட்டா பக்கம் 30-க்கும் கீழே போவார்கள். சானோ, கிதாகாதா போன்ற ஊர்கள் நிறையத் தண்ணீர் விடும் கூட்டம். கையால் சுற்றும் மெஷினுக்குக் கெட்டி மாவு எளிது என்று நினைத்து நடுவில் நின்றேன்.

கான்சுயியை முதல் நாளே தண்ணீரில் கரைத்து வைத்தேன். கரையும்போது தண்ணீர் சூடாகும், அந்தச் சூட்டோடு மாவில் விடக் கூடாது. மறுநாள் அதில் மூன்றில் இரண்டு பங்கை மாவில் தெளித்து, விரல்களை விரித்துப் பிசிறினேன். பிசைவதல்ல, பிசிறுவது. ஜப்பானியர்கள் இந்தப் பதத்தைச் சொபொரோ என்பார்கள். நமக்கு அது புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். என் அம்மா புட்டுக்குப் பிசிறும்போது பார்த்த பதம் கையில் இருந்ததால் இந்தப் படி எனக்குத் தடுமாறவில்லை. பையில் போட்டு மூடி 30 நிமிடம் வைத்து, மிதித்துத் தட்டையாக்கி, ரோலரில் விட்டேன்.

முதல் தகடு வந்ததும் மனம் உடைந்தது. இரண்டு ஓரமும் ரம்பப்பல்லாகக் கிழிந்திருந்தது. அதோடு தகடு நேராக இறங்காமல் வலப்பக்கமாக வளைந்து போனது. இரண்டாக மடித்து மறுபடி விட்டேன். அதே வளைவு, அதே பல். ரோலர் இடைவெளி சரியில்லை என்று முடிவு கட்டி, ஃபீலர் கேஜை எடுத்து இரண்டு முனையிலும் அளந்தேன். இடது 1.50, வலது 1.50. குழப்பம் கூடியது. அடுத்த மூன்று வாரமும் திருகுகளைத் திருப்பித் திருப்பி 4 கிலோ மாவைக் கெடுத்தேன்.

பிப்ரவரி முடிவில், கிழிந்த தகட்டில் ஒரு முழத்தைச் சுருட்டி டப்பாவில் போட்டு சானோவுக்குக் கொண்டுபோனேன். மதியக் கூட்டம் போனபிறகு தைஷோ அதை மேசையில் விரித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, இடது ஓரம், வலது ஓரம், மறுபடி இடது என்று தடவினார்.

“வளையறது மெஷின். கிழியறது மாவு. ரெண்டும் வேற வேற, குமார்சான்.”

இடைவெளி இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லிப் பார்த்தேன். “மெஷினை அளந்தீங்க. தகட்டை அளந்தீங்களா?” என்றார்.

அங்கேயே, அவர் மேசையிலேயே அளந்தேன். இடது ஓரம் 1.5 மி.மீ. வலது ஓரம் 1.9. தொழிற்சாலையில் தினமும் நான் பார்க்கிற விஷயம் இது, வீட்டு மேசையில் கண்ணில் படவில்லை. சும்மா நிற்கும்போது ரோலர் சமமாக நிற்கிறது. மாவு உள்ளே போனதும் ஒரு பக்கம் மட்டும் விலகிக்கொடுக்கிறது. மெலிந்த பக்கம் அதிகம் நீளும், தடித்த பக்கம் குறைவாக நீளும், அதனால் தகடு தடித்த பக்கம் வளைகிறது. கைப்பிடி வலது பக்கம். எத்தனையோ வருடம் அந்தக் கை இழுத்த இழுப்பில் வலது அச்சு உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரோலரைக் கழற்றி, துளைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கச் சுவர் பளபளவென்று தேய்ந்திருந்தது, உள்பக்கம் இன்னும் வார்ப்பின் சொரசொரப்போடு. கடைசல் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புஷ், அதாவது உள்வளையம், அடிப்பதுதான் முறையான வழி. ஆனால் பழைய வார்ப்பிரும்பைப் பெரிதாகக் கடைந்தால் சுவர் மெலிந்து வெடிக்கலாம் என்று பயந்தேன். 0.2 மி.மீ பித்தளைத் தகடு வாங்கி, அரைவட்டமாக வளைத்து, தேய்ந்த பக்கம் இடைவெளியை நிரப்பும் ஷிம்மாக இரண்டு அடுக்கு வைத்தேன். அச்சு பிடித்தது. ஒரு அடுக்கை எடுத்து விளிம்பை உப்புத்தாளால் மெலிதாக்கி மறுபடி வைத்தேன். சுற்றியது. உணவு இயந்திரங்களுக்கான கிரீஸ் ஒரு துளி. அந்த வாரத் தகடு கிட்டத்தட்ட நேராக இறங்கியது.

ஓரம் மட்டும் இன்னும் ரம்பம்.

குன்மாவில் குளிர்காலம் முழுக்க மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கும். ‘கராக்காஸே’ என்பார்கள். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். என் மாவுப் பை வாய் திறந்தபடி ஹீட்டர் அறையில் இருந்தது. ஒரு புது 1 கிலோ பையைப் பிரித்து, எடை போட்டு, அதே இடத்தில் வைத்தேன். பத்து நாளில் 18 கிராம் குறைந்தது. மாவில் இயல்பாகவே 14 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். அதில் கிட்டத்தட்ட 2 சதவீதம் காற்றில் போய்விட்டது. 35 என்று நினைத்து நான் பிசிறிய மாவு உண்மையில் 33 மாதிரிதான் நடந்துகொண்டது. தைஷோவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. குளிர்காலத்தில் அவர் தண்ணீரைக் கூட்டுவார், மழைக்காலத்தில் குறைப்பார். எவ்வளவு என்று கேட்டால் கையைக் காட்டுவார். ஒரு பிடி பிசிறிய மாவை இறுக்கி, கட்டைவிரலால் நடுவில் அழுத்துவார். இரண்டாக உடைய வேண்டும், பொடியாகக் கூடாது.

மார்ச்சில் தண்ணீரை 190 கிராமுக்கு ஏற்றினேன், அதாவது 38. மாவை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றினேன். பிசிறியபின் ஊறும் நேரத்தை 30 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்கு நீட்டினேன். வித்தியாசம் பிசிறும்போதே விரலுக்குத் தெரிந்தது, உருண்டைகள் கொஞ்சம் பெரிதாக, குளிர்ச்சியாகத் திரண்டன. முதல் தகடு 4 மி.மீ. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி விட்டேன், மூன்று தடவை. மூன்றாம் தடவையில் மேற்பரப்பு ஈரத்தோல் போல மின்னியது. ஓரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை. பையில் சுற்றி இன்னும் ஒரு மணி நேரம் ஆறவைத்து, 3, 2.2, 1.5 என்று மெல்ல இறக்கினேன். ஒரே தாவலில் மெலிதாக்கினால் அதுவரை கட்டிய சவ்வு அறுந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் மேலே ஸ்டார்ச் தூவ வேண்டும், ‘உச்சிகோ’. கோதுமை மாவையே தூவினால் கொதிநீர் கூழாகிவிடும், அதனால் உருளைக்கிழங்கு ஸ்டார்ச். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, உருளைக்குக் கீழே இருந்து மஞ்சள் நூல்கள் ஒன்றாக இறங்கி மடிந்து விழுந்தன. ஐந்து மாதம் காத்திருந்தது அந்தச் சில நொடிகளுக்காக. 140 கிராம் வீதம் சுருட்டி, ஒரு இரவு குளிர்பெட்டியில் வைத்தேன். அன்றே வேகவைத்தால் காரத்தின் வாடை தூக்கலாக இருக்கும், மறுநாள் அது அடங்கி மாவு வாசனை முன்னால் வரும்.

வேகவைப்பதில் ஒன்றே ஒன்று: பானை பெரிதாக இருக்க வேண்டும். முதலில் 2 லிட்டர் தண்ணீரில் இரண்டு சுருளைப் போட்டேன், கொதி அடங்கி, வெளியே குழைந்து உள்ளே மாவாக நின்றது. 6 லிட்டர் பானைக்கு மாறி ஒவ்வொரு சுருளாகப் போட்டதும் நூல்கள் எழுந்து புரண்டன. மூன்று நிமிடம்.

ஜூனில், மழைக்காலம் தொடங்கிய வாரம், நான்கு சுருளை மரப்பெட்டியில் அடுக்கி சானோவுக்குப் போனேன். அன்று தண்ணீர் 36 போதுமானதாக இருந்தது. தைஷோ ஒரு சுருளை உதறி, இழை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். வளைவைப் பற்றியோ கிழிசலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. நூலின் மூலையை நகத்தால் தொட்டு, “கூர்மையா இருக்கு” என்றார். உருளை வெட்டினால் நாலு மூலையும் நறுக்கென்று இருக்கும், சூப் பிடிக்காமல் வழிந்துவிடும் என்றார்.

மேசையில் ஸ்டார்ச் தூவி, சுருளை வைத்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து உடம்புப் பாரத்தை இறக்கினார். கசக்கவில்லை. அழுத்தி, கையை எடுத்து, சுருளைத் திருப்பி, மறுபடி அழுத்தினார். நாலாவது தடவை உதறியபோது நேராக இருந்த நூல்கள் அலையலையாகச் சுருண்டிருந்தன. ஓர் இழை தட்டை, ஓர் இழை தடிப்பு. அடுத்த சுருளை என் பக்கம் தள்ளினார். நான் அழுத்தும்போது என் தோளைத் தொட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டார். அவர் மனைவி அதற்குள் இரண்டு கிண்ணத்தில் சோயா கலவை ஊற்றி, கோழியெலும்புச் சூப்பை மேலே விட்டிருந்தார். தைஷோ தட்டைச் சல்லடையால் நூல்களை அள்ளி, இரண்டே உதறலில் தண்ணீரை வடித்து, மடித்துக் கிண்ணத்தில் இறக்கினார். மூன்று பேரும் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது பாக்கியிருப்பது வெட்டு உருளைக்குப் பின்னால் உள்ள சீப்பு. பள்ளத்தில் சிக்கும் நூலை விடுவிக்கும் தகடு அது. இடது பக்கம் மூன்றாம் பல் எங்கோ உரசுகிறது, சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’ கேட்கிறது. வரும் சனிக்கிழமை கழற்ற வேண்டும்.